குடும்பத் துணையின்றிக் கல்லூரிக்கு வரும் மாணவர்களுக்கு: தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் உதவித்தொகையும் தங்குமிடமும் பெறும் வழி

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் பன்னிரண்டாம் வகுப்பை முடித்துக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கும் பிள்ளைகளில் பெற்றோர் இருவரையும் இழந்தவர்கள் உண்டு. தாய் தந்தையர் பெங்களூருவுக்குக் கட்டட வேலைக்கோ திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்கோ போய்விடப் பாட்டி வீட்டில் வளர்ந்தவர்களும், தந்தை வேறு குடும்பம் அமைத்துக்கொண்டதால் கைவிடப்பட்டவர்களும், குழந்தைகள் இல்லத்திலிருந்து வருபவர்களும் உண்டு. வீட்டார் பேசி முடித்த திருமணத்தை மறுத்ததற்காக வெளியேற நேர்ந்த பெண்களும், தம் பாலின அடையாளத்தால் வீட்டில் இடமில்லாமற்போன திருநங்கையரும் திருநம்பியரும் இவர்களோடு சேர்ந்தவர்களே. இவர்களுக்கென அரசு வைத்திருக்கும் உதவிகள் குறைவானவை அல்ல. ஆனால் அவை வெவ்வேறு துறைகளில் சிதறிக் கிடக்கின்றன. ஏறக்குறைய ஒவ்வொரு படிவத்தின் அடியிலும் ‘பெற்றோர் கையொப்பம்’ என்ற வரி நிற்கிறது. கல்விக் கட்டணத்தைக் காட்டிலும் இந்தக் கையொப்பமும், விடுதி மூடப்படும் விடுமுறை நாட்களுமே இத்தகைய மாணவர்களைப் படிப்பிலிருந்து வெளியே தள்ளுகின்றன என்பது என் உறுதியான கருத்து. ஆகவே எந்த உதவித்தொகைக்கு விண்ணப்பிப்பது என்பதற்கு முன்பாக, யார் கையொப்பமிடுவது, எங்கே தங்குவது என்ற இரண்டையும் தீர்த்துக்கொள்ள வேண்டும்.

முதலில் உங்கள் வயதைப் பாருங்கள்

கல்லூரியில் சேரும் ஜூன், ஜூலை மாதங்களில் பலருக்கு வயது 17 தான் நடந்துகொண்டிருக்கும். 18 நிறைவதற்கு முன் கிடைக்கும் சில உதவிகள் அதற்குப் பின் கிடைக்காதவை என்பதால், பிறந்த தேதிக்கு இன்னும் இரண்டு மாதங்களே இருந்தாலும் அந்த இரண்டு மாதங்கள் விலைமதிப்புள்ளவை. 18 நிறையாதவர்கள் மாவட்டத் தலைநகரில் உள்ள மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகை அணுக வேண்டும்; நேரில் செல்ல இயலாதவர்கள் 1098 என்ற கட்டணமில்லா எண்ணில் அழைக்கலாம். அங்கிருந்து உங்கள் நிலை குழந்தைகள் நலக் குழுவின் முன் வைக்கப்படும். 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தின்படி, பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தை என்று உங்களைத் தீர்மானிக்கவும், உங்களைப் பொறுப்பேற்கத் தகுந்தவரிடம் ஒப்படைக்கவும் அந்தக் குழுவுக்கு அதிகாரம் உண்டு. குழு தரும் ஆணையின் நகலைக் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். பெற்றோர் ஏன் வரவில்லை என்று கல்லூரியிலும் விடுதியிலும் கேட்கும்போது, நூறு முறை விளக்கிச் சொல்வதைவிட அந்த ஒரு தாள் அதிகம் பேசும்.

மிஷன் வாத்சல்யா திட்டத்தின் கீழ், உறவினர் வீட்டில் வளரும் ஆதரவற்ற குழந்தைகளுக்கும், கணவனை இழந்த அல்லது கணவனால் கைவிடப்பட்ட தாயின் குழந்தைகளுக்கும் 18 வயது வரை மாதம் 4,000 ரூபாய் நிதி ஆதரவு வழங்கப்படுகிறது. குடும்ப ஆண்டு வருமானம் கிராமப்புறத்தில் 72,000 ரூபாய்க்கும் நகர்ப்புறத்தில் 96,000 ரூபாய்க்கும் மிகாமல் இருக்க வேண்டும். தமிழ்நாடு அரசு 2025 செப்டம்பரில் தொடங்கிய ‘அன்புக்கரங்கள்’ திட்டத்தில் பெற்றோரை இழந்த குழந்தைகளுக்கு மாதம் 2,000 ரூபாய் கிடைக்கிறது. பள்ளிக் காலத்திலேயே இவற்றில் ஒன்றைப் பெற்றிருந்தால் உங்கள் பெயர் ஏற்கெனவே மாவட்ட அலுவலகத்தின் கோப்பில் இருக்கும். கல்லூரிப் படிப்புக்கு உதவி கேட்பதற்கு அதுவே நல்ல தொடக்கம்.

குழந்தைகள் இல்லத்தில் வளர்ந்து 18 வயதில் வெளியேறுபவர்களுக்குப் பிற்காப்பு என்ற தனி ஏற்பாடு இருக்கிறது. படிப்பையோ தொழிற்பயிற்சியையோ தொடர்பவர்களுக்கு 21 வயது வரை மாதந்தோறும் நிதியுதவி அளிக்க அதில் இடமுண்டு. இல்லத்தை விட்டு வெளியேறிய பிறகு தனி ஆளாக இதைக் கேட்டுப் பெறுவது கடினம். இல்லத்தில் இருக்கும்போதே கண்காணிப்பாளரிடம் எழுத்து மூலமாகக் கோரிக்கை கொடுத்து, அது மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கு அனுப்பப்பட்டதா என்பதையும் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். கொரோனாவில் பெற்றோர் இருவரையும் இழந்து 2021இல் மாநில அரசின் 5 லட்ச ரூபாய் வைப்புத்தொகை பெற்றவர்கள், அந்த வைப்புக்கான ஆவணம் யாரிடம் இருக்கிறது என்பதை இப்போதே தெரிந்துகொள்ள வேண்டும்.

18 நிறைந்தவர்களின் நிலை வேறு. சட்டத்தின் பார்வையில் நீங்கள் மேஜர். ஒப்பந்தத்திலோ வங்கிப் படிவத்திலோ விண்ணப்பத்திலோ கையொப்பமிட உங்களுக்கு முழு உரிமை உண்டு. கல்லூரிகள் பெற்றோர் கையொப்பம் கேட்பது பெரும்பாலும் பழக்கத்தால்தான். ஆனாலும் அலுவலக எழுத்தரிடம் சட்டம் பேசுவதில் பயனில்லை. கல்லூரி முதல்வருக்கு ஒரு கடிதம் எழுதுவதே வேலை நடக்கும் வழி. அதில் ‘எனக்கு இன்ன தேதியில் 18 வயது நிறைவடைந்துள்ளது. என் தாயும் தந்தையும் காலமாகிவிட்டனர். இறப்புச் சான்றிதழ்களின் நகல்கள் இணைக்கப்பட்டுள்ளன. எனவே பெற்றோர் கையொப்பம் தேவைப்படும் இடங்களில் நானே கையொப்பமிட அனுமதிக்குமாறும், அவசரத் தொடர்புக்கு என் பள்ளி ஆசிரியரின் பெயரைப் பதிவு செய்துகொள்ளுமாறும் கேட்டுக்கொள்கிறேன்’ என்ற அளவில் நான்கைந்து வரிகள் போதும். பெற்றோர் உயிருடன் இருந்தும் தொடர்பில் இல்லை என்றால் அதை அப்படியே எழுதுங்கள். விவரம் எதையும் கூட்ட வேண்டாம், மறைக்கவும் வேண்டாம். முதல்வர் ‘அனுமதிக்கப்படுகிறது’ என்று எழுதிக் கையொப்பமிட்ட நகலில் பத்துப் படிகள் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். விடுதி, உதவித்தொகை, தேர்வுக் கட்டணம், பஸ் பாஸ் என்று எல்லாவற்றுக்கும் அது கூடவே செல்லும்.

சான்றிதழ்கள்

சாதிச் சான்று, வருமானச் சான்று, இருப்பிடச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று ஆகியவற்றை இ-சேவை மையத்தில் 60 ரூபாய் கட்டணம் செலுத்தி விண்ணப்பிக்கலாம். விண்ணப்பம் கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் வழியாக வட்டாட்சியரிடம் செல்லும். பெற்றோர் இல்லாதவர்களுக்குத் தடங்கல் பெரும்பாலும் முதற்படியிலேயே, அதாவது கிராம நிர்வாக அலுவலரின் விசாரணையிலேயே ஏற்படுகிறது. இணையத்தில் விண்ணப்பத்தைப் போட்டுவிட்டுக் காத்திருக்காமல், விண்ணப்ப எண்ணோடு அவரை நேரில் சந்தித்து, பெற்றோரின் இறப்புச் சான்று, தந்தை வழி உறவினர் அல்லது உடன்பிறந்தவரின் சாதிச் சான்று, நீங்கள் வளரும் வீட்டுக் குடும்ப அட்டை ஆகியவற்றைக் காட்டுங்கள். ஊரில் உங்கள் குடும்பத்தை அறிந்த பெரியவர் ஒருவரை உடன் அழைத்துச் செல்வது விசாரணையை எளிதாக்கும்.

தன் சாதியே தெரியாமல் இல்லத்தில் வளர்ந்தவர்களுக்கு ஒரு முக்கியமான செய்தி. தமிழ்நாட்டின் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில், பத்து வயது நிறைவதற்கு முன் பெற்றோரை இழந்து, சட்டப்படியோ வழக்கப்படியோ கவனித்துக்கொள்ள யாருமின்றி, அரசு நடத்தும் அல்லது அரசு அங்கீகரித்த பள்ளியிலோ ஆதரவற்றோர் இல்லத்திலோ சேர்க்கப்பட்டவர்கள் ஒரு தனிப் பிரிவாகவே இடம்பெற்றுள்ளனர். இதை அறியாததால் பொதுப் பிரிவில் விண்ணப்பித்து இடத்தையும் உதவித்தொகையையும் இழப்பவர்கள் இருக்கிறார்கள். இல்லத்தின் சேர்க்கைப் பதிவேட்டு நகலை வைத்து இச்சான்றைக் கோரலாம்.

மூலச் சான்றிதழ்களை வீட்டார் தர மறுத்தால் அதனாலேயே ஓராண்டு வீணாக வேண்டியதில்லை. பத்தாம், பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல்கள் டிஜிலாக்கரில் கிடைக்கின்றன. ஆதாரை இணையத்திலிருந்து பதிவிறக்கலாம். இ-சேவை வழியாக வழங்கப்பட்ட சாதிச் சான்றுக்கு எண் இருப்பதால் அதையும் மீண்டும் எடுக்க முடியும். மாற்றுச் சான்றிதழுக்கு நீங்கள் படித்த பள்ளியின் தலைமையாசிரியரை அணுகுங்கள். கல்லூரியில் சேர்ந்த பிறகும் மூலச் சான்றிதழ்களை யாரிடமும் நிரந்தரமாகக் கொடுத்துவைக்க வேண்டாம். சரிபார்த்தபின் கல்லூரிகள் அவற்றை மாணவரிடமே திருப்பித் தர வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் அறிவித்திருக்கிறது.

எந்தப் படிப்பு, எந்தக் கல்லூரி

விருப்பப் பாடம் முதன்மையானது என்பதில் ஐயமில்லை. ஆயினும் துணையில்லாத ஒரு மாணவர் மூன்று அல்லது நான்கு ஆண்டுகள் எதைக் கொண்டு உண்டு உறங்குவது என்பதையும் சேர்த்தே இடத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குப் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் ஆகிய படிப்புகளில் 2021 முதல் 7.5 விழுக்காடு இடங்கள் ஒதுக்கப்பட்டுள்ளன. அந்த ஒதுக்கீட்டில் சேர்பவர்களின் கல்விக் கட்டணத்தை மட்டுமன்றி விடுதிக் கட்டணத்தையும் கலந்தாய்வுக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. வீட்டுத் துணை இல்லாத பிள்ளைக்கு இதைவிடப் பாதுகாப்பான ஏற்பாடு வேறொன்று இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. பர்கூர் அரசுப் பொறியியல் கல்லூரியும் தருமபுரி செட்டிக்கரையில் உள்ள அரசுப் பொறியியல் கல்லூரியும் நம் இரு மாவட்டங்களுக்குள்ளேயே இருக்கின்றன. கணிதப் பிரிவில் படித்த மாணவர், ‘நமக்கு எதற்குப் பொறியியல், செலவாகும்’ என்று விண்ணப்பிக்காமலே விட்டுவிடக் கூடாது. இந்த ஒதுக்கீட்டில் செலவு குறைவானது அதுவாகவே இருக்கலாம்.

கலை, அறிவியல் படிப்புகளுக்குத் தருமபுரி அரசு கலைக் கல்லூரி, கிருஷ்ணகிரியில் ஆடவருக்கும் பெண்களுக்கும் தனித்தனியே உள்ள அரசு கலைக் கல்லூரிகள், அரூர், பென்னாகரம், பாப்பிரெட்டிப்பட்டி, காரிமங்கலம், பர்கூர், ஓசூர் ஆகிய ஊர்களில் உள்ள அரசுக் கல்லூரிகள் என்று தேர்வு விரிவானது. இவை சேலம் பெரியார் பல்கலைக்கழகத்தின் எல்லைக்குள் வருபவை. முதுநிலைப் படிப்புக்குத் தருமபுரி பைசுஅள்ளியில் பல்கலைக்கழகத்தின் விரிவாக்க மையமே இருக்கிறது. சட்டம் படிக்க விரும்புபவர்களுக்கு 2017இல் தொடங்கப்பட்ட தருமபுரி அரசு சட்டக் கல்லூரி உண்டு. அரசு கலைக் கல்லூரிகளுக்கான இணைய விண்ணப்பத்தைப் பூர்த்தி செய்ய அந்தந்தக் கல்லூரியிலேயே உதவி மையம் அமைக்கிறார்கள். அங்கே போனால் கணினி மையத்துக்குக் கொடுக்கும் பணம் மிச்சமாகும்.

உடனடியாகச் சம்பாதித்தே ஆக வேண்டும் என்ற நெருக்கடியில் இருப்பவர்கள், பன்னிரண்டாம் வகுப்பு முடித்த கையோடு ஓசூர் கம்பெனிகளுக்குப் பஸ் ஏறிவிடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அதற்கு முன் அரசு ஐ.டி.ஐ.யைப் பற்றி விசாரிக்கலாம். அங்கே பயிற்சிக் கட்டணம் இல்லை. மாதம் 750 ரூபாய் உதவித்தொகையும் உண்டு. கையில் தொழிற்சான்றிதழோடு அதே ஓசூருக்குப் போகும்போது வேலையின் தரமும் ஊதியமும் வேறாக இருக்கும்.

வெளியூர் செல்லத் தயங்காதவர்கள் சென்னைப் பல்கலைக்கழகத்தின் இலவசக் கல்வித் திட்டத்தையும் பார்க்கலாம். அதன் இணைப்புக் கல்லூரிகளில் இளநிலைப் படிப்புக்குக் கட்டணமின்றிச் சேர்க்கும் அத்திட்டத்தில் ஆதரவற்றவர்களுக்கும் கணவனை இழந்தோரின் பிள்ளைகளுக்கும் முன்னுரிமை உண்டு. பிளஸ் டூ முடிவு வந்த சில நாட்களுக்குள்ளேயே விண்ணப்பம் முடிந்துவிடும் என்பதால் முடிவு வரும் முன்பே ஆவணங்களைத் தயாராக வைத்திருக்க வேண்டும். அகரம் அறக்கட்டளை 2010 முதல் நடத்தும் ‘விதை’ திட்டமும் இத்தகைய மாணவர்களைத் தேடிச் சேர்ப்பதே. பன்னிரண்டாம் வகுப்பில் இருக்கும்போதே தொடர்புகொள்வது நல்லது.

தங்குமிடம்

பிற்படுத்தப்பட்டோர், மிகப் பிற்படுத்தப்பட்டோர், சீர்மரபினர், சிறுபான்மையினர், ஆதிதிராவிடர், பழங்குடியினர் ஆகியோருக்கு அரசு நடத்தும் கல்லூரி மாணவர் விடுதிகள் இரு மாவட்டங்களிலும் உள்ளன. 2025 ஜூலையில் இவை அனைத்துக்கும் ‘சமூகநீதி விடுதி’ என்று பெயர் மாற்றப்பட்டது. இவற்றில் உணவும் தங்குமிடமும் இலவசம். விண்ணப்பப் படிவத்தை விடுதிக் காப்பாளரிடமோ, அந்தந்த விடுதியை நடத்தும் துறையின் மாவட்ட நல அலுவலகத்திலோ இலவசமாகப் பெறலாம். பிற்படுத்தப்பட்டோர் நல விடுதிகளில் வீட்டிலிருந்து கல்லூரி குறைந்தது 8 கிலோமீட்டர் தொலைவில் இருக்க வேண்டும் என்ற விதி மாணவர்களுக்கு உண்டு, மாணவிகளுக்கு இல்லை. விண்ணப்பிக்கும்போது சாதிச் சான்றும் வருமானச் சான்றும் கொடுக்க வேண்டியதில்லை, சேரும்போது கொடுத்தால் போதும் என்பது பலருக்குத் தெரியாது. சான்று வரட்டும் என்று காத்திருந்து கடைசி நாளைத் தவறவிடுபவர்கள் ஏராளம். முகாம்களில் வாழும் இலங்கைத் தமிழர் குடும்பத்துப் பிள்ளைகளுக்கும் ஒவ்வொரு விடுதியிலும் சில இடங்கள் ஒதுக்கப்படுகின்றன.

விண்ணப்பத்தை நேரில் கொடுக்கும்போது காப்பாளரிடம் உங்கள் நிலையைச் சுருக்கமாகச் சொல்லுங்கள். ‘பாதுகாவலர்’ என்ற இடத்தில் குழந்தைகள் நலக் குழு ஆணையில் உள்ளவரின் பெயரையோ, முதல்வர் அனுமதித்த கடிதத்தின்படி உங்கள் பெயரையோ எழுதி, நகலை இணைத்துவிடுங்கள். விண்ணப்பம் பெற்றதற்கான ஒப்புகையைத் தேதியோடு வாங்கிக்கொள்ளுங்கள். இடம் நிரம்பிவிட்டது என்று சொன்னால், அதோடு திரும்பிவிடாமல் மாவட்ட நல அலுவலரைப் பார்த்து, பெற்றோர் இல்லாதவர் என்ற அடிப்படையில் முன்னுரிமை கோரி மனுக் கொடுங்கள். அதுவும் பலிக்கவில்லை என்றால், திங்கட்கிழமைதோறும் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்தில் அதே மனுவை ஒப்புகையின் நகலோடு கொடுக்கலாம். பென்னாகரத்திலிருந்தோ அஞ்செட்டியிலிருந்தோ வருபவர்களுக்கு அது ஒரு நாள் வேலைதான். இருந்தும் பலன் கிடைக்கும் இடம் அது. கட்டணம் கட்ட வழியே இல்லாத தனித்த நேர்வுகளில் ஆட்சியர் தம் விருப்புரிமை நிதியிலிருந்து உதவுவதற்கும் இந்த மனுதான் வாயில்.

கல்லூரி தொடங்கும் நாளுக்கும் விடுதியில் இடம் ஒதுக்கப்படும் நாளுக்கும் இடையே சில வாரங்கள் ஓடிவிடுவது வழக்கம். துணையுள்ள மாணவர் அந்த வாரங்களில் வீட்டிலிருந்து வந்து போவார். வீடில்லாதவர்கள் வகுப்புக்கே வராமல் நின்றுவிடுகிறார்கள். பின்னர் வருகைப் பதிவு குறைந்து முதல் பருவத் தேர்வையே எழுத முடியாமல் போகிறது. எனவே சேர்க்கை உறுதியான அன்றே துறைத் தலைவரிடம், ‘விடுதி கிடைக்கும் வரை தங்க இடமில்லை’ என்று சொல்லிவிட வேண்டும். சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கும். ஆனால் அரசுக் கல்லூரி ஆசிரியர்களில் பலர் இதே விடுதிகளில் தங்கிப் படித்து வந்தவர்கள். சொன்னால் அவர்களுக்குப் புரியும். மூத்த மாணவர்களின் அறையிலோ தெரிந்த வீட்டிலோ தற்காலிகமாகத் தங்க ஏற்பாடு செய்வது அவர்களுக்குப் பெரிய காரியமன்று.

தனியார் விடுதியிலோ வாடகை அறையிலோ தங்க நேர்ந்தால் இரண்டு சட்டங்களை அறிந்திருப்பது நல்லது. பெண்களுக்கான தனியார் விடுதிகள் 2014ஆம் ஆண்டின் தமிழ்நாடு மகளிர், குழந்தைகள் விடுதிகள் ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி உரிமம் பெற்றிருக்க வேண்டும். உரிமத்தைக் காட்டச் சொல்லிக் கேட்பதில் தவறில்லை, காட்டத் தயங்கும் இடத்தைத் தவிர்த்துவிடுவது மேல். வீட்டு வாடகைக்கு, 2017ஆம் ஆண்டின் தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் எழுத்து மூலமான ஒப்பந்தத்தைக் கட்டாயமாக்கியிருக்கிறது. ஒப்பந்தத்தில் வேறு உடன்பாடு இல்லாதவரை, மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கேட்பதையும் தடை செய்திருக்கிறது. நடைமுறையில் மாணவர் இருவர் மூவர் சேர்ந்து அறை எடுக்கும்போது ஒருவர் பெயரிலேயே எல்லாம் இருக்கும். முன்பணத்தில் உங்கள் பங்கு எவ்வளவு என்பதை ஒரு தாளில் எழுதி எல்லாரும் கையொப்பமிட்டுக்கொள்ளுங்கள். நண்பர்களுக்குள் எதற்கு என்று தோன்றலாம்; ஆனால் அந்தத் தொகை போனால் திருப்பித் தர உங்களுக்கு வேறு யாரும் இல்லை.

விடுமுறை நாட்கள்

பொங்கலுக்கும் தீபாவளிக்கும் விடுதி காலியாகிவிடும். பருவத் தேர்வு முடிந்தபின் வரும் நீண்ட விடுமுறையில் சமையலும் நின்றுவிடும். அந்த நாட்களில் எங்கே போவது என்பதைப் பண்டிகைக்கு முந்தின இரவு யோசிக்கக் கூடாது. பருவம் தொடங்கியதுமே, விடுமுறையில் விடுதியிலேயே தங்க அனுமதி கோரிக் காப்பாளருக்கும் மாவட்ட நல அலுவலருக்கும் ஒரே கடிதத்தின் இரு பிரதிகளைக் கொடுத்துவிடுங்கள். காப்பாளர் தம் பொறுப்பில் அனுமதிக்கத் தயங்கும்போது, மேலதிகாரியின் ஒப்புதல் கையில் இருந்தால் அவருக்கும் அது பாதுகாப்பு. இல்லத்தில் வளர்ந்தவர்கள் தம் பழைய இல்லத்தின் கண்காணிப்பாளரிடம் பேசி வைக்கலாம்.

வீட்டில் வன்முறைக்கு ஆளாகி வெளியேறிய பெண்கள் 181 என்ற எண்ணை எந்நேரமும் அழைக்கலாம். மாவட்டத்தில் உள்ள ஒருங்கிணைந்த சேவை மையத்தில் ஐந்து நாட்கள் வரை தங்கவும், அங்கிருந்தே மருத்துவ, சட்ட, காவல் உதவி பெறவும், நீண்ட காலம் தங்க வேண்டுமானால் அதற்கான இல்லத்துக்கு மாறவும் வழி உண்டு. நீண்ட விடுமுறையில் வேலைக்குப் போவதாக இருந்தால், தங்குமிடமும் உணவும் தரும் வேலையைத் தேடுவது இயல்பு. அப்போது வேலை செய்யும் இடத்தின் முகவரியையும் பொறுப்பாளரின் எண்ணையும் ஆசிரியர் ஒருவரிடமாவது எழுதிக் கொடுத்துவிட்டுச் செல்லுங்கள். அழைத்துச் செல்லும் புரோக்கரிடம் மூலச் சான்றிதழையோ ஏ.டி.எம். அட்டையையோ எக்காரணம் கொண்டும் கொடுக்க வேண்டாம்.

மாதச் செலவுக்குப் பணம்

அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்த மாணவிகளுக்குப் ‘புதுமைப் பெண்’ திட்டத்திலும், மாணவர்களுக்குத் ‘தமிழ்ப் புதல்வன்’ திட்டத்திலும் படிப்பு முடியும் வரை மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும். அரசு உதவி பெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்தவர்களும் இப்போது இதில் அடக்கம். வேறு உதவித்தொகை பெறுவது இதற்குத் தடையன்று. ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவர்களுக்கான பத்தாம் வகுப்புக்குப் பிந்தைய கல்வி உதவித்தொகைக்கு வருமான வரம்பு ஆண்டுக்கு 2.5 லட்ச ரூபாய். தொழில்நுட்பக் கல்வி மன்றம் அங்கீகரித்த பட்டப்படிப்பிலோ டிப்ளமோவிலோ சேர்ந்த ஆதரவற்ற மாணவர்களுக்கு ‘ஸ்வநாத்’ என்ற உதவித்தொகை ஆண்டுக்கு 50,000 ரூபாய் வழங்குகிறது. தேசிய உதவித்தொகை இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டிய இதைப் பற்றி நம் பகுதிப் பாலிடெக்னிக் மாணவர்களுக்குப் போதிய அளவில் தெரியாமல் இருப்பது எனக்கு வருத்தம் தரும் செய்தி. திருநங்கையரின் உயர்கல்விச் செலவு முழுவதையும் விடுதிக் கட்டணம் உட்பட ஏற்பதாகத் தமிழ்நாடு அரசு 2024ஆம் ஆண்டு நிதிநிலை அறிக்கையில் அறிவித்தது.

இந்தப் பணமெல்லாம் ஆதாரோடு இணைக்கப்பட்ட வங்கிக் கணக்குக்கே வரும். எந்தக் கணக்கு என்பதுதான் கேள்வி. பள்ளிக் காலத்தில் அப்பாவோடு சேர்த்துத் தொடங்கிய கணக்கு ஒன்று இருக்கும். அதன் பாஸ்புக்கும் ஏ.டி.எம். அட்டையும் வீட்டில் இருக்கும். மாதம் தவறாமல் அரசு அனுப்பும் 1,000 ரூபாயை வேறொருவர் எடுத்துக்கொண்டிருக்க, மாணவர் தமக்கு இன்னும் பணமே வரவில்லை என்று கல்லூரி அலுவலகத்துக்கு நடந்துகொண்டிருப்பார். எனவே உங்கள் பெயரில் மட்டும், உங்கள் கைப்பேசி எண்ணோடு, குறைந்தபட்ச இருப்புத் தேவையில்லாத புதிய சேமிப்புக் கணக்கைத் தொடங்குங்கள். பிறகு அதே கிளையில் ‘ஆதார் சீடிங்’ படிவம் கேட்டு, அரசு மானியங்கள் இந்தக் கணக்குக்கே வர வேண்டும் என்று எழுதிக் கொடுங்கள். கணக்கில் ஆதார் எண்ணைப் பதிவு செய்வது வேறு, மானியம் பெற இணைப்பது வேறு. இரண்டாவது நடந்ததா என்பதை ஆதார் இணையதளத்தில் ‘வங்கி இணைப்பு நிலை’ என்ற இடத்தில் பார்த்து உறுதி செய்யலாம். ஒரு நேரத்தில் ஒரே கணக்குக்குத்தான் மானியம் செல்லும். கடைசியாக இணைத்த கணக்கே நிற்கும்.

உதவித்தொகை பெரும்பாலும் ஆண்டின் பிற்பகுதியில்தான் கைக்கு வரும். முதல் நான்கைந்து மாதங்களை அதை நம்பி ஓட்ட முடியாது என்பதைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். அந்த இடைவெளியை அடைக்கக் கந்துவட்டிக்கோ கைப்பேசிச் செயலிகளிலோ கடன் வாங்க வேண்டாம். வங்கிக் கல்விக் கடன் 7.5 லட்ச ரூபாய் வரை சொத்துப் பிணையின்றிக் கிடைக்கும். ஆனால் பெற்றோரோ பாதுகாவலரோ இணைக் கடனாளியாகக் கையொப்பமிட வேண்டியிருப்பதால், துணையற்றவர்களுக்கு அதை இறுதி வழியாகவே சொல்வேன்.

வீட்டார் தடுக்கும்போது

திருமணத்துக்குக் கட்டாயப்படுத்தப்படும் பெண் 18 நிறையாதவரானால் அது 2006ஆம் ஆண்டின் குழந்தைத் திருமணத் தடைச் சட்டப்படி குற்றம். 1098க்குச் செல்லும் ஓர் அழைப்பு போதும், மாவட்ட சமூக நலத்துறை தலையிடும். 18 நிறைந்தவரானால் எங்கே வாழ்வது, எதைப் படிப்பது என்று தீர்மானிக்கும் உரிமை அவருடையது. வீட்டார் கல்லூரிக்கு வந்து மாற்றுச் சான்றிதழைக் கேட்கக்கூடும் என்ற அச்சம் இருந்தால், ‘என் எழுத்து மூலமான ஒப்புதலின்றி என் ஆவணங்களை யாருக்கும் தர வேண்டாம், என் விடுதி முகவரியையும் தெரிவிக்க வேண்டாம்’ என்று முதல்வருக்கு முன்கூட்டியே கடிதம் கொடுங்கள். மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இயங்கும் சட்டப்பணிகள் ஆணைக்குழு, பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கும் வருமான வரம்பின்றி இலவசமாக வழக்கறிஞரை அமர்த்தித் தரும். எண் 15100. திருமணமாகாத மகள் தன்னைத் தானே பராமரித்துக்கொள்ள இயலாதபோது தந்தையிடம் பராமரிப்புச் செலவு கோர இந்து தத்தெடுப்பு, பராமரிப்புச் சட்டத்தில் இடமுண்டு. வழக்குப் போடுவதற்கு முன் ஆணைக்குழுவின் சமரசப் பேச்சில் கல்லூரிச் செலவை மட்டும் ஏற்கத் தந்தை ஒப்புக்கொள்வதும் நடக்கக்கூடியதே.

இத்தனை அலுவலகங்களுக்கு நடக்கும்போது மனம் சோர்ந்துபோவது இயற்கை. இரவில் தூக்கமின்றித் தவிக்கும் நிலை வந்தால் 14416 என்ற மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம். கட்டணமில்லை, பெயர் சொல்ல வேண்டிய கட்டாயமும் இல்லை.

படிப்பை இடையில் விட்டே ஆக வேண்டிய சூழல் வந்தாலும் சொல்லாமல் நின்றுவிடாதீர்கள். உடல்நலமோ பணமோ வேலையோ எதுவானாலும், காரணத்தை எழுதித் துறைத் தலைவர் வழியாக முதல்வருக்குக் கொடுத்து, மறுசேர்க்கைக்கான விதியைக் கேட்டுத் தெரிந்துகொண்டு செல்லுங்கள். வருகைப் பதிவு 75 விழுக்காட்டுக்குச் சற்றே குறைந்திருந்தால், கட்டணம் செலுத்தித் தேர்வெழுத அனுமதி கோரும் வழி இருக்கிறது. தேர்வு விண்ணப்பத்துக்கான கடைசி நாளுக்கு முன் கேட்க வேண்டும். எழுத்தில் விடைபெற்றவருக்கு அடுத்த ஆண்டு அதே வகுப்பில் அமர்வதற்கு விண்ணப்பம் போட முடியும். அந்தக் கடிதத்தின் ஒப்புகை நகலை, முதல்வர் அனுமதித்த முதற்கடிதத்தோடு ஒரே கோப்பில் வைத்துக்கொள்ளுங்கள்.